முனை உடைந்த பித்தளைக் கோடரி

அந்தோனி அத்தானை முன் அறையில் சவப்பெட்டிக்குள் வளர்த்தியிருந்தோம். வாவிப் பக்கமிருந்து அடித்த காற்றில் தலைமாட்டு மெழுகுதிரிகளில் ஒன்று அணைந்துகொண்டே இருந்தது. யாராவது எழும்பிப் போய் மற்றதில் இருந்து கொளுத்திவிட்டு வந்து உட்காருவார்கள். அறை முழுக்க ஓடிக்கொலோன் வாசம். அதையும் மீறித் தீய்ந்த மணம் ஒன்று வந்தது. மெழுகு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் தாதி, எனக்குத் தெரியும்.

அவருக்குத் தீயணைப்பு யூனிபோமைத்தான் போட்டிருந்தோம். கைகளில் செபமாலை. நெஞ்சின் மேல் அவருடைய கருநீலத் தொப்பி. தொப்பியின் நெற்றியில் பித்தளைச் சின்னம்: குறுக்கே வைத்த இரண்டு கோடரிகள், நடுவில் ஒரு தீச்சுவாலை. அன்று விடியற்காலையில் மேர்சி அக்கா அழுது முடித்த முகத்தோடு குசினிக்குள் இருந்து தேசிக்காயும் சாம்பலும் போட்டு அதை மினுக்கிக்கொண்டு வந்தாள். அக்கா என் உடன்பிறப்பு. அத்தான் அவளுடைய புருசன்.

பாதர் வருவதற்குக் கொஞ்சம் முன்னதாகத் தீயணைப்பு நிலையத்தின் ஸ்டோர் பொறுப்பாளர் வந்தார். பெட்டியின் கால்மாட்டில் நின்று கும்பிட்டார். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். வீட்டில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவள் நான்தான், சொன்னால் விளங்கும் என்று நினைத்திருப்பார்.

"மிஸ்ஸி, குறை நினைக்காதீங்க. உடுப்பு துணிச் சாமான், அது போகட்டும். சின்னமும் பெல்ட்டுப் பூட்டும் பித்தளை. அது ரெண்டும் ஸ்டோருக்குத் திரும்பி வரவேணும்."

எல்லாம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பெட்டிய மூடினா மறுகா எப்பிடி எடுக்கிற?"

அவர் தொப்பியைத் தூக்கி, பின்பக்கம் இருந்த ஊசியை நிமிர்த்தி, சின்னத்தை உருவிக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றுவதற்கு உடம்பை ஒள்ளுப்பம், ஒரு விரலளவு, தூக்க வேண்டியிருந்தது. நான்தான் தூக்கினேன். செத்தவீட்டுச் சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா எழும்பி வந்து தொப்பியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த மொட்டைத் தொப்பியோட அவரை அனுப்ப மாட்டன்" என்றாள். வெறுந்தலையோடும், பூட்டில்லாத இடுப்போடும் அத்தான் சவக்காலைக்குப் போனார்.

ஸ்டோர்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சட்டப்படி நடந்தார் என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். பொய்யாகவும் இருக்கும். கோபம் அப்படியே இருக்கிறது.

இப்போது ஏன் இந்தக் கதை

அண்மையில் எங்கள் பக்கத்துச் சுற்றுவட்டம் ஒன்றில் அவசர சேவையாளருக்கு ஒரு நினைவுத்தூண் திறந்தார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், சொன்னால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்குத் தலையிடி. வாவிக்கரையில் ஒரு சிறுநகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு முகத் தூண். ஒரு முகத்தில் பொலிஸ் தொப்பி, ஒன்றில் அம்புலன்ஸ்காரரின் பாம்பும் தடியும், ஒன்றில் கடலிலும் வாவியிலும் ஆட்களைக் காப்பாற்றுகிறவர்களுக்காக ஒரு மிதவை வளையம். நான்காவது முகம் சந்தைப் பக்கம் பார்க்கிறது. அதில் ஆளுயரத்துக்கு மேலே கொங்கிறீட்டில் இரண்டு கோடரி, நடுவில் தீச்சுவாலை.

செத்த மனிசனின் நெஞ்சில் விட்டுவைக்க மனம் வராத அதே சின்னம். அன்று உள்ளங்கைக்குள் அடங்கிய பித்தளையைக் கொடுக்க முடியாதவர்கள் இன்று லொறி லொறியாகக் கல்லும் மணலும் கொட்டி அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்து வயிறு எரியாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சமையல் குறிப்புக்குப் போகலாம்.

கட்டில் விரிப்பில் ஒரு சிலுவை

சின்னங்கள் எனக்குப் புதிதல்ல. எங்கள் தலைமுறைக்காரர் முகங்களைப் படிப்பதற்கு முன்னமே தொப்பிகளைப் படிக்கப் பழகியவர்கள். சோதனைச் சாவடியில் பஸ் நின்றால், ஏறுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டோம். தொப்பியில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துவிடுவோம். பளபளக்கிற உலோகம் எதுவும் எங்களுக்கு நல்ல செய்தி கொண்டு வந்ததில்லை.

சண்டைக் காலத்தில் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கூரையில் செஞ்சிலுவை போட வேண்டி வந்தது. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு இது ஆஸ்பத்திரி என்று தெரிய வேண்டுமாம். பெயின்ட் வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. நாங்கள் நாலைந்து தாதிமார் கட்டில் விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்து, காயத்துக்குப் பூசுகிற சிவப்பு மருந்தைப் பஞ்சில் தோய்த்துச் சிலுவை வரைந்தோம். எங்கள் கை எல்லாம் சிவந்து போனது. அடுத்த மழையோடு சிலுவை கரைந்து, கூரைப் பீலியால் சிவப்புத் தண்ணீர் வழிந்தது. வார்டில் இருந்த ஒரு கிழவி அதைப் பார்த்துவிட்டு யாருக்கு என்ன நடந்தது என்று கத்தத் தொடங்கிவிட்டாள்.

அன்றைக்கு அந்தச் சிலுவை யாரையும் மகிமைப்படுத்தவில்லை. தயவுசெய்து சுடாதே என்று கெஞ்சியது, அவ்வளவுதான்.

நான் பயப்படாமல் அண்ணாந்து பார்த்த முதல் தொப்பிச் சின்னம் அத்தானுடையது. அந்த இரண்டு கோடரியும் யாரையும் மறித்து அடையாள அட்டை கேட்டதில்லை. கிணற்றுக்குள் விழுந்த மாட்டையும், பனையில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுத குடிகாரனையும் மீட்டுக்கொண்டு வந்த தொப்பி அது.

ரின் பால்

அந்தச் சின்னத்தில் வலப்பக்கக் கோடரிக்கு முனை இல்லை. அது எப்படிப் போனது என்று சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும்.

ஒரு மாரி வெள்ளத்தில் அத்தானும் ஆட்களும் வள்ளத்தில் பனிச்சங்கேணிப் பக்கம் போய், சில குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஏற்றினார்கள். ஏற்றின பிறகு தண்ணீர் கூடி, அவர்களும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் பசியில் வீரிட்டார்கள். நிவாரணமாக வந்த, தகரத்தில் அடைத்த ரின் பால் இருந்தது. திறப்பதற்கு ஒன்றும் இல்லை. கத்தியெல்லாம் வெள்ளம் இழுத்த வள்ளத்தோடு போய்விட்டது.

அத்தான் தொப்பியைக் கழற்றினார். சின்னத்தின் கோடரி முனையை ரின்னில் வைத்து, செங்கல்லால் ஒரு தட்டு. ஒரு ஓட்டை விழுந்தது. இரண்டாவது ஓட்டைக்குத் தட்டியபோது முனை உடைந்து பாலுக்குள் விழுந்துவிட்டது. பிறகு ஒரு தாயின் சேலைத் தலைப்பால் பாலை வடித்து, துண்டைத் தேடி எடுத்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களாம்.

திரும்பி வந்ததும் ஸ்டோரில் நல்ல ஏச்சு. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினதாம். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "இந்த நாட்டில பால் ரின் திறந்த சின்னம் இது ஒண்டுதான்" என்பார். வேறு சின்னம் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார். ஊர்வலம், கொடியேற்றம், மாதாவின் சுற்றுப்பிரகாரம் எதுவென்றாலும் அந்த மூக்கறுந்த கோடரியோடுதான் நிற்பார். பல வருசம் அப்படித்தான் நின்றார்.

உமிக்குள் நெருப்பு

நெல் மில்லின் பின்பக்கத்தில் உமி மலைபோலக் கிடக்கும். அது பற்றினால் வெளியே சுவாலை தெரியாது. மேலே சாம்பல் போர்த்திக்கொண்டு உள்ளே நாட்கணக்காகக் கனன்று கொண்டிருக்கும். மேலே தண்ணீர் அடித்து அணைந்துவிட்டது என்று மில்காரர் வீட்டுக்குப் போகலாம். தீயணைப்புக்காரன் போக முடியாது. குவியலின் மேல் ஏறி, கிளறிக் கிளறித்தான் அணைக்க வேண்டும். உள்ளே எரிந்து கோறையாகிப் போன இடத்தில் அத்தான் கால் வைத்தார். இடுப்பளவு இறங்கிவிட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். சந்தியில் நெரிசல். ஒரு பொலிஸ்காரர் வாகனத்துக்கு முன்னால் ஓடி ஓடி வழி எடுத்துக் கொடுத்தாராம். வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றதை நானும் கண்டேன். தலை குனியாமல் நான் பார்த்த முதல் பொலிஸ்காரர் அவர்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தூணுக்கும் தெரியாது.

அத்தான் சில நாள் உயிரோடு இருந்தார். கட்டு மாற்ற நான் போனபோது கேட்டது இதுதான்: "லில்லி, தொப்பி லொறிக்குள்ள கிடக்கும். எடுத்து வைக்கச் சொல்லு. துலைஞ்சா ஸ்டோர்ல பேச்சு வாங்கேலாது."

ஒரு மனிசன் சாகும்போது நினைக்க வேண்டியது எத்தனையோ இருக்கிறது. அவரை ஸ்டோருக்குப் பயந்துகொண்டு சாக வைத்தார்கள். தொப்பியை நானே போய் எடுத்து வந்தேன். அதன் பிறகு நடந்ததுதான் முதலில் சொன்னது.

தொப்பியைத் தேடி வந்தவர்

தூண் கட்டுகிற குழுவில் இருந்து பிரதீபன் என்று ஓர் இளம் அதிகாரி அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழேதான். நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இப்போதைய சின்னம் துணியில் தைத்தது, வடிவமும் வேறு. தூணில் பழைய சின்னம்தான் வர வேண்டும், அதுதான் பாரம்பரியம் என்று பிரதம விருந்தினர் விரும்புகிறாராம்.

"ஐயாட தொப்பிச் சின்னம் இருக்குமே அன்ரி? ஒருக்காத் தந்தீங்க எண்டா, மாதிரி பாத்துட்டுத் திருப்பித் தாறம்."

அக்கா "அதை நீங்கதானே மனே பெட்டிக்குள்ள இருந்து எடுத்திட்டுப் போனீங்க" என்றாள்.

பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அப்போது அவர் பள்ளிக்கூடம் போயிருப்பார். நான்தான் விளக்கமாகச் சொன்னேன், கொஞ்சம் உறைப்பாகவே சொன்னேன். அப்படியென்றால் அது ஸ்டோரில் இருக்க வேண்டுமே, திருப்பித் தாருங்கள் என்று அக்கா கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். பழைய பித்தளை எல்லாவற்றையும் சேர்த்து எப்போதோ ஏலத்தில் விட்டுவிட்டார்களாம். பழைய இரும்புக்காரன் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனானாம். ஒன்றுகூட மிச்சமில்லாதபடியால்தான் இங்கே வந்தாராம்.

பெட்டிக்குள் போனால் பிறகு எடுக்க முடியாது என்று அவ்வளவு அவசரப்பட்டுக் கழற்றியது பழைய இரும்புக்காரனின் சாக்குக்குள் போடுவதற்குத்தான். அக்கா எழும்பி உள்ளே போனாள். அந்தப் பிள்ளையை வெளியே போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அலுமாரியைத் திறந்து தொப்பியைக் கொண்டு வந்தாள்.

கருநீலம் என்று சொன்னேனே, அது ஸ்டோரில் கொடுத்த நாளின் நிறம், அத்தான் போட்டுத் திரிந்த காலத்திலேயே சாம்பலாகிவிட்டது. அத்தனை வருச வெயில். நெற்றியில் சின்னம் இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்கவில்லை. இரண்டு கோடரியும் சுவாலையும் கருநீலமாக அப்படியே பதிந்திருந்தன. வலப்பக்கக் கோடரிக்கு மட்டும் முனை இல்லை. உடைந்த பிறகும் வருசக்கணக்காக வெயிலில் நின்றதால் அந்த இடமும் வெளுத்துப்போயிருந்தது.

அக்கா இரண்டே இரண்டு விசயம்தான் கேட்டாள். தொப்பி வீட்டு வாசலைத் தாண்டாது, வேலை செய்கிறவர் இங்கே வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றது, தூணில் அவருடைய பெயரைப் போட வேண்டும். முதலாவதற்குப் பிரதீபன் தலையாட்டினார். இரண்டாவதை மேலே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மேலே என்பது எங்கே இருக்கிறது என்று எனக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை.

சிற்பி களுதாவளையில் இருந்து வந்தார். கோயில் வாகனங்களும் சிலைகளும் செய்கிறவர். கோயில் வேலைக்காரர் கொடுத்த மாதிரியை மாற்றமாட்டார்கள். மெல்லிய தாளைத் தொப்பியின் மேல் வைத்து, பென்சிலால் ஓரம் பிடித்து வரைந்துகொண்டு போனார். வலப்பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"அம்மா, இந்தக் கோடரி இப்பிடித்தானா?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அக்கா என் காலை மிதித்தாள்.

"இப்பிடித்தான்" என்றாள். "ஒரு நூல்கூட மாத்தாதீங்க."

திறப்பு விழா

விழாவுக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. நாலாவது வரிசையில் பிளாஸ்டிக் கதிரை. பாண்ட் வாத்தியம், சால்வை, பாடசாலைப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம் எல்லாம் இருந்தன. வெயிலில் ஆடின ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். அவசர சேவையாளருக்காக எடுத்த விழாவில் ஓர் அம்புலன்ஸ் நிற்கவில்லை. நான்தான் ஓடிப்போய்க் காலைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தேன்.

பேச்சுகளில் தியாகம் என்ற சொல் புழுதியாகப் பறந்தது. யார் செய்த தியாகம், எங்கே, எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை.

திரையை விலக்கினார்கள். அடிக்கல்லில் பளிங்கு பதித்திருந்தது. பிரதம விருந்தினரின் பெயர், பட்டங்களோடு. தலைமை தாங்கினவரின் பெயர். ஒழுங்கமைத்தவர், அனுசரணை வழங்கிய கடை, எல்லாம் பொன் எழுத்தில். கடைசி வரியில்: கடமையில் உயிர்நீத்த அனைவருக்கும்.

அனைவரும் என்று ஒருவரை எந்தத் தாயும் பெறவில்லை. பிரதீபன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, ஒருவரின் பெயரைப் போட்டால் எல்லாருடைய பெயரையும் போட வேண்டி வரும் என்று மேலே சொல்லிவிட்டதாகச் சொன்னார். போடுங்களேன். கடைக்காரரின் பெயருக்கு இடம் இருந்த கல்லில் செத்தவர்களுக்கு இடம் இல்லையா?

நான் கொதித்துக்கொண்டு நின்றேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பளிங்கைப் பார்க்கவே இல்லை. தலையை அண்ணாந்து கோடரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலப்பக்கக் கோடரியின் முனை, பால் ரின்னில் உடைந்த மாதிரியே, சரிவாக அறுந்து நின்றது. சிற்பி ஒரு நூலும் மாற்றவில்லை. அந்தக் கூட்டத்தில் அந்த முனை எப்படிப் போனது என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா சிரித்தாள். அத்தான் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

ஒரு கரண்டி சீமெந்து

அந்தச் சந்தோசமும் நிலைக்கவில்லை. யாரோ ஒரு பெரியவர் காரில் சுற்றுவட்டத்தைச் சுற்றும்போது கவனித்துவிட்டார். திறந்த கையோடு சின்னம் உடைந்து நிற்கிறது, நிர்வாகத்துக்கு வெட்கம், உடனே பூசு என்று உத்தரவு. சிற்பியைக் கேட்டிருக்கிறார்கள். மாதிரி தந்த அம்மாவைக் கேளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மறுபடியும் பிரதீபன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். ரின் பால் கதையை முதலில் இருந்து சொன்னாள். அவர் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அது உடைஞ்சு கிடக்கல்ல மனே. அது எங்கட அவர்ர கோடரி. பேர் போடேலாது எண்டீங்க, சரி, நான் பேர் கேக்கல்ல. அதை மட்டும் அப்பிடியே விடுங்க."

அவர் அந்த வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "மேல என்ன சொல்லுறதெண்டுதான் தெரியல்ல அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போனார். பூச வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூசுவோம் என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அக்கா காலைப் பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. சந்தைப் பக்கத்தால் சுற்றி, தூணடியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருகிறாள். வந்ததும் நான் முகத்தைப் பார்ப்பேன். "இன்னும் கிடக்கு" என்பாள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் இடியப்பம் அவியும்.

இதை எழுதும்வரை யாரும் கை வைக்கவில்லை. ஆனால் மேலே இருக்கிறவர்கள் மறப்பவர்கள் அல்ல. செத்தவனின் பெயரை மறப்பார்கள், பித்தளையை மறக்கமாட்டார்கள். ஆகவே கரண்டியும் சீமெந்துமாக வரப்போகிறவருக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். நீங்கள் வரும்போது அங்கே இரண்டு கிழவிகள் நிற்போம். ஒருத்தியின் கையில் மொட்டைத் தொப்பி இருக்கும். ஏலத்தில் விற்ற சின்னத்தைத் தேடிக் கொண்டு வந்து முதலில் அந்தத் தொப்பியில் குத்துங்கள். சீமெந்தை மறுகா குழைக்கலாம்.